ஊமை வேதக்காரர் வீட்டுப் பிள்ளை

என் பிரியமான அப்பா,

பெற்ற தகப்பனைப் போய் ‘நீர்’ என்று எழுதுகிறானே, வளர்ப்புச் சரியில்லை என்று இந்தக் கடிதத்தைச் சஞ்சிகையில் வாசிக்கப்போகிற நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வளர்த்தவர் நீர்தானே. யாழ்ப்பாணத்தில் பெரியவர்களுக்கு நீங்கள், சமமானவர்களுக்கு நீர், எளியவர்களுக்கு நீ என்று மூன்று படி இருக்க, உம்மிடம் ஒரே படிதான் இருந்தது. நீர் வேலை பார்த்த அரசாங்கக் கச்சேரியில் மேலதிகாரிக்கும் நீர், கள்ளிறக்க வரும் சின்னானுக்கும் நீர், நடை பழகிக்கொண்டிருந்த எனக்கும் நீர். சின்னானைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்ததற்காகப் பெரியமாமா கன காலம் நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அம்மா அழுதார். நீர் பேசாமல் இருந்தீர்.

பேசாமல் இருப்பதுதானே நம் வேதம். குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையை ஊரில் யாருக்குத் தெரியும்? பாதிரியார் கிடையாது, பாட்டுக் கிடையாது, சிலுவை கிடையாது. ஞாயிறு காலையில் நாம் மூன்று பேரும் விறாந்தையில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு வாய் திறவாமல் இருப்போம். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ‘ஊமை வேதக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். நீர் மட்டும், “உள்ளுக்க ஒண்டு தள்ளினால் எழும்பிச் சொல்லும். தள்ளாட்டி இரும்” என்பீர். எனக்கு ஒரு நாளும் ஒன்றும் தள்ளவில்லை, பசியைத் தவிர.

இதற்கெல்லாம் காரணம் ஜெர்மன் பூட்டன் என்று சொல்வீர். பட்டாளத்துக்கு ஆள் பிடித்த காலத்தில், துவக்குத் தூக்க மாட்டேன் என்று கப்பலேறி, பருத்தித்துறையில் இறங்கித் தச்சுவேலை செய்து, ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அவர் விட்டு ஓடிவந்த நாட்டுக்கே, சண்டைக்குத் தப்பி நான் ஓடிவந்திருக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் அகதி விடுதி, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. என்னை அனுப்பும்போது, “அங்கை எங்கட ஆக்கள் இருப்பினம்” என்று சொன்னீர். அதை நான் நம்பியிருந்தேன் அப்பா.

நீர் இறந்த சேதி போன மாரியில் வந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் சொன்னார். ஊரடங்கு நேரத்தில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் ஓடவில்லை. உம்மைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் சின்னானும் ஒருவராம். நான் அங்கே இல்லை. விடுதியில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இருந்து, தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏலாது. ஆளுக்கொரு சாவு இருக்கிற இடத்தில் யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

அப்போதுதான் பூட்டனின் ஊருக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த நாட்டில் ஓர் ஆளாவது என்னைப் பார்த்து, நீ எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவேண்டும். அந்த ஆளுக்குப் பக்கத்தில் இருந்து உமக்காக அழவேண்டும். வேறொன்றையும் நான் ஆசைப்படவில்லை. என் அறையில் இருக்கும் செல்வம் அண்ணையிடம் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கு உரித்தபடி, “உன்ர பூட்டன் இஞ்சத்தை ஆள் எண்டால் உனக்கேன் அகதிக் கார்ட்? போய்க் காணியில பங்கு கேள்” என்றார். பிறகு தன்னுடைய குளிர்க்கோட்டை எடுத்து என் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்.

அகதிகள் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி வேண்டும். அதற்காக அலுவலகத்துக்குப் போய்ப் பெரிய வெட்கக்கேட்டைத் தேடிக்கொண்டேன். கோப்பை கழுவும் இடத்தில் காதில் விழுந்ததுதான் என்னுடைய ஜெர்மன். அங்கே எல்லோரும் எல்லோரையும் ‘டூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகையால் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவையும் ‘டூ’ போட்டுப் பேசினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, நாம் இரண்டு பேரும் சேர்ந்து பன்றி மேய்த்தோமா என்று கேட்டார். நான் உண்மையாகவே யோசித்துவிட்டு இல்லை என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்த பிறகுதான் விளங்கியது, ‘டூ’ கூட்டாளிகளுக்கு மட்டும்தானாம், இங்கே மரியாதைக்கு ‘ஸீ’ என்று வேறொரு சொல் இருக்கிறதாம். பயணக் காரணம் கேட்டார். உறவினரைப் பார்க்க என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். நல்ல மனுஷிதான்.

பூட்டனின் ஊர் என்று நீர் சொன்ன இடம் வெசர் ஆற்றுப் பக்கம் இருக்கிறது. அங்கே இன்னும் சின்னதாக ஒரு குவேக்கர் சபை கூடுகிறது என்று விடுதிக்கு வரும் சமூக சேவகி விசாரித்துச் சொல்லியிருந்தார். ரயில் மாறி மாறிப் போய், ஞாயிறு காலையில் சபை கூடும் வீட்டு வாசலில் நின்றேன். ஹெல்கா என்ற வயதான பெண் கதவைத் திறந்தார். நான் பழகிவைத்திருந்த ‘ஸீ’யைத் தாராளமாகப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எங்களிடம் ஸீ இல்லை. ராஜா வந்தாலும் டூதான். அந்த நாளிலிருந்தே அப்படி.”

அப்பா, நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உம்முடைய ‘நீர்’ அல்லவா அது! பூட்டன் பருத்தித்துறையில் இறங்கி, மூன்று படிகளையும் பார்த்து, நடுப்படியைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். ஹெல்காவுக்கு இதை விளக்க என்னிடம் ஜெர்மன் போதவில்லை. நன்றி, நன்றி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே கொஞ்சம் கிழவர்களும் கிழவிகளும் வட்டமாக இருந்தார்கள். பேச்சில்லை. அந்த அமைதி எனக்கு ஆறுதல் தரும் என்று நினைத்திருந்தேன். தரவில்லை. நம் விறாந்தையில் நீர் பக்கத்தில் இருந்து மூச்சு விடுவது கேட்கும், தெருவில் சைக்கிள் போகும். இங்கே யாருடைய மூச்சும் எனக்குத் தெரிந்த மூச்சு இல்லை. அப்போது என்னை ஏதோ தள்ளியது. எழும்பினேன். “என் தகப்பன் இறந்துவிட்டார். அவரும் உங்களைப் போலப் பேசாமல் இருக்கிறவர்” என்றேன். உடனே கதிரையில் இருந்துவிட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை, அது அவர்கள் வழக்கம் என்று தெரியும். ஆனாலும் ஒருவராவது என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டாரா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

முடிந்ததும் எல்லோரும் கை குலுக்கினார்கள். ஹெல்காவிடம் பூட்டனின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். மற்றவர்களையும் கேட்டுவிட்டு வந்து, அந்தக் குடும்பத்தை இங்கே யாருக்கும் தெரியாது, அந்தப் பெயரில் கல்லறையும் இல்லை என்றார். நம்மூர் என்றால் ஒரு கிழவியாவது, உன் மூக்கு அவருடைய மூக்கேதான் என்று பொய் சொல்லியிருப்பாள். இவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு சின்னப் பொய் தேவைப்பட்டது அப்பா.

என் பெயரைக் கேட்டார். வாய்ப் பழக்கத்தில் ஞானமுத்து என்றேன். இந்த நாட்டில் நம்முடைய தகப்பன் பெயரைத்தான் குடும்பப் பெயராக எழுதிக்கொள்கிறார்கள். அலுவலகத்திலும் வேலையிடத்திலும் நான் ‘ஹெர் ஞானமுட்டு’, அதாவது திருவாளர் ஞானமுத்து. என் பெயர் யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஹெல்கா தலையை ஆட்டினார். இங்கே ஹெர் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை, உன் அப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டார். அருள் என்றேன், ஞானமுத்து என்பது உம்முடைய பெயர் என்றும் சொன்னேன். சிரமப்பட்டு அதைச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்படியென்றால் ஞானமுத்து இறந்துவிட்டார். இங்கே நிற்பது அருள்” என்றார். ரயிலில் திரும்பி வரும்போது அதை யோசிக்கக்கூடாது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் அனுமதிக் கடதாசியைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்தில் காத்திருந்தேன். ‘ஹெர் ஞானமுட்டு’ என்று கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. வீம்பு இல்லை அப்பா. கூப்பிட்டது உம்மை. நீர் எழும்பிப் போவீர் என்று வாங்குப் பலகையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். அங்கே ஒருவரும் எழும்பவில்லை. அப்போதுதான் நீர் செத்துப்போனது எனக்கு விளங்கியது. அத்தனை பேருக்கு முன்னால் விக்கி விக்கி அழுதேன். அந்த அதிகாரி அம்மா எழும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். எழும்பிப் போனேன். இனிமேல் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழும்ப இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். எங்கே கூப்பிட்டாலும் எழும்புவேன் அப்பா. நீர் பேசாமல் இரும்.

இப்படிக்கு,
உம்முடைய ஒரே மகன்
அருள்