நடு வரியில் ஒரு மூச்சு

மச்சான்,

பதினெட்டு வருஷமாக நான் உனக்கு எழுதாததற்கு நேரமில்லாதது காரணமல்ல. அது உனக்கும் தெரியும்.

ஒலிப்பதிவு அன்று என் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "தள்ளுடா, நான் ஊதுறேன்" என்று டிரம்பெட்டை வாங்கிக்கொண்டாய். இசைத்தட்டின் உறையில் என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அந்த ஜாஸ் தட்டைக் கேட்டுத்தான் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் அதையே வருஷா வருஷம் பாடமாக வைக்கிறேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், மத்த ரெக்கார்டுல எல்லாம் வரி முடிஞ்சப்புறம்தான் மூச்சு வாங்குறீங்க. இதுல மட்டும் நடு வரியில வாங்குறீங்க. வேற யாரோ வாசிச்ச மாதிரியே இருக்கு."

"முதல்ல காதைக் கழுவிட்டு வாம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் அதையே கட்டுரையாகவும் எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டேன்.

உறையில் என் பெயரைப் பார்த்த அன்று நீ போனதைப் போலவே அவளும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து டிரம்பெட் பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை.

பூஜ்யத்தை அடித்துத் திருத்திவிட்டேன். அது போதாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. வந்து அந்தத் தட்டில் வாசித்ததை ஊதிக் காட்டுவாயா? அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உன் வாசிப்புக்குப் பெயர் வாங்கியவன்