பேசாத சிம்கள்

மார்ச் 3
காலையிலேயே கூட்டம். எங்கள் டெலிபோன் கம்பெனியின் பழைய 2ஜி நெட்வொர்க்கை அடுத்த மாதம் மூடுகிறோம். அது பிடித்துவைத்திருக்கும் அலைவரிசையைப் புதிய நெட்வொர்க்குக்குக் கொடுக்கப்போகிறார்கள். அதில் தப்பில்லை. வெறும் பேச்சுக்காகப் போட்ட பாதையில் இன்று ஊரே படம் பார்க்கிறது, இடம் போதவில்லை.

உறுத்தியது வேறு விஷயம். எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கிளிசரின்’. பேச்சு அப்படி வழுக்கும். ஆறு மாதமாக ஒரு கால்கூடப் பேசாத சிம்களைத் திரையில் காட்டி, “இதெல்லாம் செத்த சிம். கணக்குல வேண்டாம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

மார்ச் 5
சும்மா இருக்கமுடியாமல் எங்கள் குடியிருப்பின் பக்கத்து டவரின் பதிவுகளைக் கணினியில் திறந்து பார்த்தேன். செத்ததாம்! பேசாவிட்டாலும் ஒவ்வொரு சிம்மும் அவ்வப்போது டவரிடம் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அப்போதுதானே கால் வந்தால் எங்கே மணியடிப்பது என்று நெட்வொர்க்குக்குத் தெரியும்? இவையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பில் வராததால் பிணம் என்று எழுதிவிட்டார்கள்.

அதில் ஒன்று எங்கள் லிஃப்டின் அபாய மணிப் பெட்டிக்குள் இருப்பது, 2ஜி மட்டுமே தெரிந்த பழைய பெட்டி. யாராவது மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினால்தான் அது லிஃப்ட் கம்பெனியோடு பேசும். ஆறு மாதமாக யாரும் மாட்டவில்லை. அது குற்றமா?

அக்காவுக்கு விபத்துக்குப் பிறகு இடது கால் மடங்காது. எட்டாவது மாடியிலிருந்து தினமும் அந்த லிஃப்டில்தான் மருந்துக்கடை வேலைக்கு இறங்குகிறாள்.

மார்ச் 6
கிளிசரினிடம் போய்ச் சொன்னேன்.
“எல்லாருக்கும் நோட்டீஸ் போயிடுச்சும்மா.”
“எப்படி சார் போச்சு?”
“எஸ்.எம்.எஸ்.”
“எந்த நம்பருக்கு?”
“அந்தந்த சிம்முக்குத்தான். வேற எதுக்கு?”

லிஃப்டுக்குள் திருகி மூடிய பெட்டிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார்கள். பெட்டி படித்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்லும்? சிரிப்பு வரவில்லை. சே, என்ன ஜென்மங்கள்.

மார்ச் 12
குடியிருப்புச் செயலாளரிடம் பெட்டியை மாற்றச் சொன்னேன். “நல்லா ஓடுற லிஃப்டை எதுக்கும்மா நோண்டணும்? அடுத்த மீட்டிங்ல பேசலாம்.” லிஃப்ட் கம்பெனியோ செயலாளர் எழுதித் தரவேண்டும் என்கிறது. பந்து இங்கேயும் அங்கேயுமாக உருள்கிறது.

அக்காவிடம் கைப்பேசி இல்லாமல் ஏறாதே என்றேன். “அந்த இரும்புப் பெட்டிக்குள்ள உங்க கம்பெனி சிக்னல் எங்கடி வருது?” என்றாள்.

ஏப்ரல் 9
2ஜியை நிறுத்தியாயிற்று. கேக் வெட்டினார்கள். நான் தொடவில்லை.

ஏப்ரல் 14
அக்காவைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன்.

லிஃப்ட் நான்காவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே அக்கா தனியாக. மணியை அழுத்தியிருக்கிறாள், அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. கடைசியில் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு படியேறியவர், கதவை யாரோ தட்டுவதைக் கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தபோது அக்காவின் உடையெல்லாம் நனைந்திருந்தது. அடக்க முடியவில்லை பாவம், எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்? அக்கம்பக்கம் மொத்தமும் நின்று பார்த்தது.

குளிக்க வைத்தேன். தலை துவட்டும்போது, “யாருமே எடுக்கலடி” என்றாள்.

அவன்களை என்ன செய்தால் தகும்? என் அக்காடா அது. செத்த சிம்மாம்.

ஏப்ரல் 18
பாராட்டுக் கூட்டம். “ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலை, இதுதான் நம்ம சாதனை” என்றார் கிளிசரின்.

எழுந்தேன். “எப்படி சார் வரும்? கம்ப்ளெயின்ட் பண்ற வாயைத்தானே அடைச்சிருக்கீங்க. எங்க அக்காவுக்கு அந்தப் பட்டனை அழுத்தி அழுத்தி விரல் வீங்கியிருக்கு, வந்து பாக்கறீங்களா?”

பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். கிளிசரின் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர்களோடு உட்கார்ந்து இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 30
இப்போது செயலாளருக்கு ஒரே சுறுசுறுப்பு. புது நெட்வொர்க்குக்கான பெட்டி மாட்டியாயிற்று. பழைய பெட்டிக்கு இருந்ததுபோலவே ஆன்டெனாவை லிஃப்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். நானே நின்று சோதித்துப் பார்த்தேன், பேசுகிறது.

அக்கா இறங்கமாட்டேன் என்கிறாள். மருந்துக்கடைக்காரர் இன்னும் எத்தனை நாள் பொறுப்பார்?

மே 6
இன்றும் அக்கா லிஃப்ட் கதவுவரை வந்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

மே 21
லிஃப்ட் கம்பெனியிலிருந்து எனக்குப் போன். “மேடம், உங்க வீட்டு நம்பரைச் சொல்லி ஒரு அம்மா தினமும் எமர்ஜென்சி பட்டனை அழுத்தறாங்க. மாட்டிக்கிட்டீங்களான்னு கேட்டா, ‘இல்லப்பா, வேலைக்குப் போறேன்’னு சொல்றாங்க. கொஞ்சம் சொல்லி வைங்க.”

வேலைக்குப் போகிறாளா? காலையில் நான் முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன். எனக்கு யார் சொன்னார்கள்?

சாயங்காலம் கேட்டேன். மருந்துக்கடைப் பையை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள். “ஆமா, ஒரு வாரமா போறேன். தினமும் அழுத்துவேன். பேசாம இருந்தா செத்துப்போச்சுன்னு எழுதிருவாங்கன்னு நீதானடி சொன்ன?”

பிறகு நான் கடைக்குப் போகக் கீழே இறங்கினேன். லிஃப்டில் நானும் அழுத்தினேன்.