கிழக்குச் சுவரில் ஒரு கதவு

அன்பு மகள் அம்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவின் முழங்கால், உன் மாமாவின் நாக்கு, நம் வீட்டுத் திருட்டுப் பூனை மூன்றும் அல்லாஹ்வின் உதவியால் குறைவின்றி இயங்குகின்றன. லிவர்பூல் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஸஜாதும் உறைந்துபோகாமல் இருக்கத் தினமும் துஆச் செய்கிறோம். காலுறை போடாமல் நடக்காதே.

விஷயம் இதுதான் மகள். வீதியை அகலமாக்கவென்று போன செவ்வாய் அளக்க வந்தவர்கள் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். உன் சீதன வீட்டின் கேட், படி, முன் விறாந்தை, வாசல் கதவு எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். குற்றவாளி நான்தான். கட்டும்போது மேசன் இஹ்ஸான், பத்தடி உட்டுக் கட்டுவம் காக்கா என்று தலைபாடாய் அடித்துக்கொண்டான். மட்டக்களப்பு பஸ்ஸில் போகிறவன் எல்லாம் கழுத்துச் சுளுக்கி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று நான்தான் அந்த யானை புகும் கேட்டை வீதியோடு ஒட்டி வைத்தேன். இனி மேற்கே கதவு வைக்க அனுமதி இல்லையாம், திறந்தால் லொறிச் சில்லுக்குள்தான் கால் வைக்க வேண்டும். வடக்கும் தெற்கும் அடுத்த வீட்டு மதில். மிச்சம் கடல் பக்கத்துக் கிழக்குச் சுவர் ஒன்றுதான். சுனாமியில் உன் வாப்பா போன பிறகு அந்தச் சுவரில் ஒரு ஜன்னல்கூட வைக்க உன் உம்மா விடவில்லை என்பது உனக்குத் தெரியும்.

என் ராத்தாவான உன் உம்மாவின் மனதை இளக்க எங்கள் மூத்தவாப்பா சொல்லும் கதையை எடுத்துவிட்டேன். முந்தி ஊரின் முகமே கடற்கரைதானாம். பாய்த்தோணிகள் வந்து நின்றால் பாய் நிழலில் கல்முனைக்குடிக்கு மூன்று நாள் வெயிலே விழாதாம் (பாதியைக் கழித்துக்கொள்). பிறகு வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்து அளந்து றோட்டுப் போட்டான். கோர்ட்டும் தபால் கந்தோரும் றோட்டைப் பார்த்து முளைத்தன, கடைகளும் அங்கே போயின, வண்டில் வருகிற பக்கம் வாசல் வேண்டுமென்று ஒவ்வொரு வீடாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் ஊரே கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. எங்கள் பழைய முன்வாசலில் கோழிக்கூடு வந்தது. ஆகவே நாம் புதுசாக ஒன்றும் செய்யவில்லை ராத்தா, அவன் திருப்பின வீட்டைப் பழையபடி திருப்புகிறோம், அவ்வளவுதான் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். உன் உம்மா மீன் கழுவிக்கொண்டே, வெள்ளக்காரன் முதுகக் காட்டச் சொன்னான், நாங்களும் காட்டினம், கடல் வராம இரிந்திச்சா, இப்ப நீ முகத்தக் காட்டச் சொல்றாய் என்றா. எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்று சம்மாந்துறை வரைக்கும் மழை கொட்டியதற்கு அதுதான் காரணம் என்று ஊரில் பேச்சு.

அடுத்த நாள் காலை இஹ்ஸான் வந்தபோது உன் உம்மா கிழக்குச் சுவரின் முன்னால் சோக்கட்டியோடு நின்றா. அவவே கதவுக்குக் கோடு கீறியிருந்தா. கோடு கொஞ்சம் கோணல். இதில வைங்க, ஒரு ஆள் போற அகலம் போதும், தாழ்ப்பாள் மட்டும் உள்ளுக்கு இரிக்கணும் என்றா. நான் வழக்கம்போல இரட்டைக் கதவு, வளைவு என்று தொடங்க வாயைத் திறந்தேன், உன் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கோணலை நிமிர்த்தாதே என்று இஹ்ஸானுக்கும் சொல்லிவிட்டேன்.

வீடு உன் பெயரில் இருப்பதால் உன் ஒப்பம் இல்லாமல் ஒரு கல் கழற்ற முடியாது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், சுணங்காமல் அனுப்பு. அதற்கு முதல் உம்மாவுக்குப் போன் எடு. கதவைப் பற்றிக் கதைக்காதே, அவவாகச் சொல்லட்டும். அல்லாஹ் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காப்பானாக, நீங்கள் வரும் நாளில் அந்தக் கதவால் உள்ளே வர நஸீபாக்குவானாக. ஒவ்வொருவராகத்தான் வரவேண்டும், அகலம் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கேட்டை இழந்த உன் மாமா,
றிம்சான்