கடைசிக் கேள்வி

அன்புள்ளவருக்கு,

நம் சின்னவன் ரரேஷுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு நர்சிங் தேர்வு. காலையிலேயே அவனுக்கு உடம்பு சுட்டது. மற்ற நால்வரும் காலணி தேடிக் கத்த, அடுப்பில் மாமாலிகா சோளக்கூழ் அடிப்பிடித்தது. "நீ போம்மா, தம்பிய நான் பாத்துக்கறேன்" என்று மூத்தவள் இலிங்கா பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டாள்.

பதினொரு மணிக்கு அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. தேர்வுக்காக என்னிடம் தினமும் கேள்வி கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடம் மனப்பாடம். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறாள்.

தேர்வு அறைக்கே வந்து சொன்னார்கள்: "உங்க பையன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம்."

நான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போனேன். "பஸ் லேட்டுன்னு அப்பாகிட்ட சொல்லிக்கறேன்" என்றாள் இலிங்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் நேரத்துக்கு வந்தது. ஒரு கேள்வி மீதி இருந்தது. அதை எழுதி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

ஜெர்மனியிலிருந்து நீங்கள் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிட்டேன்.

உங்கள் மனைவி