வடக்கு அறைக்குப் பஞ்சு

லோவெச், அக்டோபர் 19, 2006

அன்புள்ள தோன்கா,

உன் மூட்டு வலி தேவலையா? நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிரேக்கத்துக் கிழவி உன்னைத் தூங்க விடுகிறாளா? போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பஸ் ஏறும்போது சொன்னாயே, "இன்னொரு குளிர்காலம் அந்த வீட்ல என்னால முடியாது, ஸ்பாஸ்" என்று, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வேலையைத் தொடங்கிவிட்டேன். மெழுகுவத்தியைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக நகர்த்தினால் காற்று எங்கே நுழைகிறது என்று தெரியும். சமையலறையில் சுடர் ஆடக்கூட இல்லை, அணைந்தே போயிற்று. கண்ணாடி ஓரத்தில் பூசிய பழைய புட்டியெல்லாம் ரொட்டித் தூள் மாதிரி உதிர்கிறது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுகிறேன். பக்கத்து வீட்டு கீனா எட்டிப் பார்த்து, "இருபது வருஷமா அவ கேட்டப்போ உன் கை எங்கே போச்சு?" என்றாள். நான் அடுத்த சட்டத்தைச் சுரண்டப் போனேன்.

உன் ஸ்பாஸ்

சலோனிக்கா, நவம்பர் 4

அன்புள்ள ஸ்பாஸ்,

கடிதம் கிடைத்தது. வலி இருக்கிறது, ஆனால் இங்கே வெயில் உண்டு. கிழவி என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். நானும் ‘என்ன’ என்று கேட்டுவிடுகிறேன்.

கீனா கேட்டது நியாயம்தான். முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயில் உப்புத் தண்ணீரைக் கலக்கிவிட மறந்துவிடாதே. ஏணியில் ஏறும்போது யாரையாவது பிடிக்கச் சொல். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

தோன்கா

லோவெச், டிசம்பர் 1

அன்புள்ள தோன்கா,

வேலை ஏறக்குறைய முடிந்தது. இரண்டு சட்டங்களுக்கு நடுவே பஞ்சு அடைத்து, மேலே காகிதப் பட்டை ஒட்டியிருக்கிறேன். திறந்து மூடும் கதவுகளுக்குக் கம்பளிப் பட்டை. நேற்று வெளியே பனி கொட்டியது, உள்ளே நான் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் எரித்த விறகில் பாதிதான் எரிகிறது. வடக்கு அறை ஜன்னல் மட்டும் பாக்கி, அதையும் இந்த வாரம் முடித்துவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. இனி குளிரைக் காரணம் சொல்ல முடியாது.

உன் ஸ்பாஸ்

சலோனிக்கா, டிசம்பர் 12

அன்புள்ள ஸ்பாஸ்,

இதை எழுத எனக்குப் பல நாள் ஆயிற்று. குளிர் என்று நான் சொன்னது, பஸ் நிலையத்தில் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய காரணம் அது ஒன்றுதான் என்பதால்.

வடக்கு அறை என்று எழுதியிருக்கிறாய். அது ரூமெனின் அறை. லாரி மோதி நம் பிள்ளை போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து நீ அவன் பெயரைச் சொல்லவில்லை. நான் சொன்னால் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவாய். நான் தனியாக அழுதேன், அவன் பிறந்தநாளுக்குத் தனியாகக் கேக் செய்தேன். இங்கே மறதி பிடித்த கிழவியிடம் தினமும் அவனைப் பற்றிச் சொல்கிறேன். மறுநாள் அவள் மறுபடியும், "உனக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்பாள். மறுபடியும் சொல்வேன். அதில் எனக்கு ஒரு சுகம்.

நான் வரப்போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல. உன் மேல் கோபம் இல்லை. வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கேட்டது சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தோன்கா

லோவெச், டிசம்பர் 23

அன்புள்ள தோன்கா,

வடக்கு அறை வேலை சொன்னபடி முடியவில்லை; உன் கடிதம் வந்த அன்று அதற்குக் கம்பளிப் பட்டை போதவில்லை என்று கடைக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் கடைக்காரன், இந்த ஊர்க்காரன் இல்லை. "எத்தனை மீட்டர்? யார் இருக்கிற ரூமுக்கு?" என்று கேட்டான்.

"என் மகன் ரூமெனுக்கு" என்றேன்.

"குளிர் தாங்க மாட்டானோ?"

"தாங்க மாட்டான். சின்னதுலேருந்தே அப்படித்தான்."

அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. அவன் முதன்முதலில் சைக்கிள் ஓட்டியது, உன்னை மாதிரி மூக்கைச் சுருக்கிச் சிரிப்பது, மார்ச்சுவரியில் அவன் கையை நான் பிடித்துப் பார்த்தது, எல்லாம் சொன்னேன். அந்த ஆள் கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தான்.

உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்லிவிட்டேன், தோன்கா. உன்னிடம் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. நீ வர மாட்டாய் என்பது புரிந்துவிட்டது.

ஸ்பாஸ்