அண்ணி போடாத கையெழுத்து

நெய்வேலி-3,
19.9.1982.

தம்பி மருதமுத்துவுக்கு அண்ணி ராஜாம்பாள் எழுதிக்கொள்வது.

உங்கள் அண்ணன் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். நானும் பெண்கள் இருவரும் இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் சந்திரகலாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். முன்பெல்லாம் உங்களை நீ, வா, போ என்றுதான் எழுதுவேன். இந்த முறை அது கைக்கு வரவில்லை.

உங்கள் பதிவுத் தபால் புதன்கிழமை கிடைத்தது. உள்ளே இருந்த முத்திரைத்தாளை மூன்று முறை படித்தேன். உங்கள் மகன் ஜெயராமனை ஐந்து வருடத்துக்கு முன்பே நாங்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டோம் என்று அதில் இருக்கிறது. தேதியும் பழைய தேதி. ஒரு பக்கம் வெள்ளைச்சாமி என்று உங்கள் அண்ணன் கையெழுத்து, இன்னொரு பக்கம் எனக்காக விட்ட இடம். செத்தவர் கையெழுத்தை யார் போட்டது தம்பி? நீங்களா, இல்லை வேறு ஆளை வைத்தா? படித்து முடித்ததும் கொல்லைப் பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

வேலையில் இருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்கு இங்கே கம்பெனி ஆஸ்பத்திரியில் வேலை உண்டு என்பதைத் துக்கத்துக்கு வந்த மூன்றாம் நாளே விசாரித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கொள்ளி வைத்தவன் ஜெயராமன், அவன்தான் வாரிசு, பெண் பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்குப் போனால் யார் கட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெயராமன் வேலையில் சேர்ந்ததும் பீ மூத்திரம் அள்ளுகிற வார்டிலிருந்து ஆபீசுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆள் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். குவார்ட்டர்ஸ் அவன் பேருக்கு மாறும், நாங்கள் மூன்று பேரும் அருப்புக்கோட்டைப் பக்கம் நம் ஊரில் போய்ப் பின்கட்டு அறையில் இருந்துகொள்ளலாமாம். எல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வார்டு வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஐ.டி.ஐ. படிக்க வந்து எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தீர்கள். உங்களுக்கென்று ஒரு தம்ளரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள். அண்ணன் எடுத்து வைத்த சோற்றைச் சாப்பிட மாட்டீர்கள், நான்தான் போட வேண்டும். கூடப் படித்தவர்களிடம் அண்ணன் கம்பவுண்டர் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். ஒருநாள் அந்தப் பையன்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் காக்கிச் சட்டையோடு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நீங்கள் அவரைப் பார்த்து யாரோ போலத் திரும்பிக்கொண்டீர்கள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பையன்கள் போன பிறகு வந்து, கடையில் வெற்றிலை வாங்க மறந்துவிட்டேன் என்றார். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது.

அதே வருடம் உங்களுக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டு நாள் நீங்கள் படுக்கையிலேயே போனதை எடுத்துப் போட்டு, துடைத்து, வேட்டி மாற்றியது எந்தக் கை? அண்ணே, என்னை விட்டுட்டுப் போயிடாதே என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவீர்கள். குணமானதும் தம்ளர் மறுபடியும் பெட்டிக்குள் போய்விட்டது.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. கல்யாணமான புதிதில் அவருடைய காக்கித் துணியை ஒரு குச்சியால் தூக்கித்தான் வாளியில் போடுவேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார். பிறகு நான் எவ்வளவோ கேட்டும் தரவில்லை. பழகிப் போச்சு ராஜாம்பா, விடு என்பார். இருபது வருடம் துவைத்தார். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உங்கள் மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக.

காலை ஷிப்டு முடிந்து வந்தால் வெந்நீரில் குளித்து, நகம் வெட்டி, பிறகுதான் பெண்களைத் தொடுவார். இரண்டு பேருக்கும் தலை வாரிப் பின்னிவிடுவது அவர்தான். கட்டுக் கட்டிப் பழகிய கை, எவ்வளவு ஆடினாலும் பின்னல் அவிழாது. வருடா வருடம் தைப்பூசத்துக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று வைத்து வடலூர் வரைக்கும் சைக்கிள் மிதிப்பார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பெண்ணாகவே பிறந்துவிட்டதே என்று உங்கள் அம்மா சொன்னபோது, எனக்கு வயசானா மூஞ்சி சுளிக்காமப் பாக்கிறது பொண்ணுதான் என்று சிரித்தார். வயசாகவில்லை. நாற்பத்தாறு.

அவர் காமாலையில் அதே வார்டில் படுத்தபோது, அவரோடு வேலை பார்த்த ஆயா செல்லக்கிளிதான் எல்லாம் செய்தது. பக்கத்து ஊர் வடக்குத்துப் பொம்பளை. முதல் நாள் அவர் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். செல்லக்கிளி, இன்னாண்ணே, ஊருக்கெல்லாம் செஞ்சிகினு இருந்துட்டு இப்ப நீயே கூச்சப்படறியே என்று சொல்லிக்கொண்டே துடைத்துவிட்டது. ஐந்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றீர்கள். இது ஒட்டிக்கிற வியாதியா என்று நர்சிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. ஆரஞ்சுப் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினீர்கள். அவர் உங்கள் பக்கம் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு போர்வையைச் சரி செய்வது போல மடக்கிக்கொண்டார்.

அதே நீங்கள் சாவு வீட்டில் யூனியன்காரர்களும் ஆபீஸ்காரர்களும் வந்து நின்றதும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். என் அண்ணன் தெய்வம், என்னை மகனாக வளர்த்தார் என்று சொன்னீர்கள். குளிப்பாட்டத் தூக்க வேண்டும் என்று கூப்பிட்டபோது உங்களைக் காணவில்லை. வார்டுக்காரர்கள் நாலு பேர்தான் தூக்கினார்கள்.

அன்றைக்கு முகமெல்லாம் தீக்காயத் தழும்போடு ஒரு பெண் வந்து அவர் காலடியில் உட்கார்ந்ததே, யார் இந்தக் கோரம் என்று நீங்கள்கூடக் கேட்டீர்கள். அது செங்கமலம். குள்ளஞ்சாவடிப் பக்கம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டவ் வெடித்து வந்தது. நாற்றம் தாங்காமல் அதன் புருஷனே வார்டு வாசலோடு திரும்பிவிட்டான். இவர்தான் தினமும் வாழையிலை மாற்றிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி, மூன்று மாதத்தில் நடக்க வைத்தார். அது அவர் காலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனது. அந்த வீட்டில் அன்றைக்குக் கோரம் எது என்று எனக்குத் தெரியும்.

ஜெயராமன் மேல் எனக்குக் கோபமில்லை. கடலூரில் அஸ்தி கரைக்கும்போது அந்தப் பிள்ளை உண்மையாகவே அழுதான். பத்திரம் பற்றி அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாமலே இருக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவள் விஜயகுமாரி போன வாரமே செல்லக்கிளியைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டாள். எனக்குத் திரும்பி வந்துதான் சொன்னாள். வார்டு வேலைதான் இருக்கிறது, பத்தொன்பது வயசுப் பெண், முகம் சுளிக்காமல் செய்வாயா என்று அதிகாரி கேட்டாராம். எங்க அப்பா செஞ்ச வேலைதானுங்க சார் என்றாளாம். நேற்று ஆர்டர் வந்தது. நாளை திங்கட்கிழமை முதல் ஷிப்டு. எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள் என்று தெரியும். நீங்கள் கேட்டதைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்கிறாள் அவள். அவளுடைய துணியை நான்தான் துவைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. அதை ஆபீசில் காட்டும்படி பக்கத்து வீட்டுப் பரமசிவம் அண்ணன் சொன்னார். காட்டினால் உங்கள் வேலையும் போகும் என்றார். காட்டவில்லை. உங்களுக்காக இல்லை. உங்கள் அண்ணன் இருந்திருந்தால் காட்ட விட்டிருக்க மாட்டார். நீங்களே கிழித்துப் போட்டுவிடுங்கள். வருஷத் திதிக்கு ஜெயராமனை மட்டும் அனுப்புங்கள்.

பெரியவளாக இருந்து ஒரு ஆசீர்வாதம் சொல்லித்தான் முடிக்க வேண்டும். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் தம்பி. எழுந்திருக்க முடியாமல் படுக்கிற காலம் எல்லோருக்கும் வரும். அப்போது நீங்கள் கை நீட்டினால் பிடித்துக்கொள்ள, உங்களுக்கு யாரென்றே தெரியாத ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளைச்சாமி மனைவி
ராஜாம்பாள்.