துண்டுக்குள் நழுவிய இரண்டு விரல்

நம் மாங்காய் மண்டி வாசலில் புதிதாக ஒரு கரும்புச் சாறு வண்டி வந்து நிற்கிறது. மெஷின் கரும்பை நசுக்கும் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது. வாசனை வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். ஊருக்கெல்லாம் அது தாகம் தீர்க்கிற வாசனை. உனக்கும் எனக்கும் மட்டும் அது ரத்த வாசனை. இப்போது எனக்கு மட்டும்.

ஏர்பேட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பைக் குத்தகை பேசிவிட்டு, திருப்பதி தாண்டிச் சித்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து, விளக்குப் போடலாமா வேண்டாமா என்றிருந்த நேரம். நான் அவசரப்பட்டுத் தலையாட்டிப் பேரத்தைக் கெடுத்துவிட்டதாகத் திட்டிக்கொண்டே நீ காரை ஓட்டினாய். முன்னால் போன கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இல்லை. நீ பிரேக்கை மிதித்தது தெரியும். அடுத்த நொடி கண்ணாடி வெடித்தது. கரும்புகள் ஈட்டி மாதிரி உள்ளே பாய்ந்தன. ஒன்று உன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்சீட்டில் குத்தி நின்றது. என் தலை இடப்பக்கக் கதவுத் தூணில் மோதியது. தேங்காய் உடைக்கிற சத்தம். முகமெல்லாம் சாறு வழிந்தது. எது சாறு, எது உன் ரத்தம் என்று தெரியவில்லை.

கிழிந்த கன்னத்தின் வழியாக உன் பல் வெளியே தெரிந்தது. கூடிய ஜனம் உன்னைத்தான் தூக்கியது. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. "ஈயனக்கி ஏமீ காலேது" என்றார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லையாம். நானும் அப்படித்தான் நம்பினேன். டிராக்டர்காரனைச் சட்டையோடு இழுத்துக் கீழே தள்ளி, வலது கையாலேயே அவன் வாயில் குத்தினேன். அப்போது அந்தக் கையில் பலம் இருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் உன் கன்னத்தைத் தைத்து, வாயைச் சேர்த்துக் கட்டுப்போட்டார்கள். டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். தலை வலித்தாலும், வாந்தி வந்தாலும், கை கால் அசந்தாலும் உடனே சொல்லச் சொன்னார். தலை பிளந்துகொண்டிருந்தது. வலியே இல்லை என்றேன். டிராக்டர் சொந்தக்காரன் ஆட்களோடு வந்து எதிரில் நின்றுகொண்டிருந்தான். எதிராளி முன்னால் முகம் சுளித்தவன் விலையில் அடிபடுவான் என்பதுதானே நாம் படித்த படிப்பு.

போலீஸ் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றான் அவன். உன்னால் வாய் திறக்க முடியாது. என் தோளிலிருந்த துண்டை இழுத்து நம் கைகளின் மேல் போட்டாய். மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை; துண்டுக்கடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. எவ்வளவு கேட்கலாம் என்று என் உள்ளங்கையைச் சுரண்டினாய். நாலு என்று நான் உன் விரல்களைப் பிடித்தேன். நீ முறைத்தாய். மறுபடி சுரண்டினாய். மறுபடியும் நாலு பிடித்தேன். உன் கைக்கு வந்தது இரண்டுதான்.

பேரத்தின் நடுவில் துண்டை விலக்குவது கெட்ட வார்த்தை பேசுவதைவிட மோசம். நீ விலக்கினாய். என் மோதிர விரலும் சுண்டு விரலும் செத்த மீன் மாதிரி கிடந்தன.

வாய்க்கட்டைப் பிய்த்து எறிந்தாய். தையல் தெறித்து, பேசப் பேச ரத்தம் என் சட்டையில் அடித்தது.

"இவன் கை செத்துகினு கீது. டாக்டரக் கூப்புடு."

"எனுக்கு ஒண்ணுமில்ல. நீ வாய மூடிகினு படு."

அத்தனை பேர் முன்னால் என்னை அறைந்தாய். "வலிக்குதா இல்லியா? பொய் சொன்ன, இன்னொண்ணு உடுவேன்."

"மண்ட பொளக்குதுடா" என்றேன். அதோடு வாந்தி, டிராக்டர் சொந்தக்காரன் காலிலேயே. ஸ்ட்ரெச்சரில் என் காலைத் தூக்கி வைத்தது அவன்தான் என்று பிறகு சொன்னாய்.

டாக்டர் ஓடி வந்தார். மண்டை ஓடு உடைந்து, உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. ஓட்டைத் திறந்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் எடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார்.

உயிர் வந்தது, கை வரவில்லை. பிசையச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை நீ ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, துண்டோடு வீட்டுக்கு வந்தாய். தினமும் இல்லாத மாங்காய்க்குப் பேரம். நாலு பிடிக்காவிட்டால் என் சுண்டு விரலை நான் அலறும்வரை வளைப்பாய். ஒருநாள் உன் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வந்தது. கோணிப்போன வாயால் சிரித்தாய். "பல்லு நல்லா கீது. வெரலுக்கும் அந்த வெறி வரட்டும்."

என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "அண்ணா, வைத்தியம் பாக்கறீங்களா, கொல பண்றீங்களா?"

"ரெண்டும்தாம்மா."

அந்த மாதங்களில் உன்னை எப்படி எப்படியெல்லாம் கொல்லலாம் என்று படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறேன். மாம்பழ சீசன் வந்தபோது நாலு விரலும் பிடித்தன. நீ பாராட்டவில்லை. அந்த வருஷம் துண்டுக்கடியில் என்னையே ஏமாற்றப் பார்த்தாய்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. முந்தின நாளிலிருந்தே வலித்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. கன்னத்துத் தழும்பைச் சுற்றிச் சவரம் செய்துகொண்டிருந்தபோது விழுந்துவிட்டாய். அதற்குத்தான் எனக்கு ஆத்திரம். என்னை அறைந்து கேட்டாயே, உன்னை அறைந்து கேட்க நான் பக்கத்தில் இல்லை. சூளூர்பேட்டையில் லாரிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

வேதக்கோயிலில் பாதிரி ஐயர் உன்னைச் சாந்தகுணமுள்ளவர் என்று பிரசங்கம் செய்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உன் மனைவியும் சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

சவப்பெட்டியின் இடது பக்கம் நின்று, வலது கையால் வளையத்தைப் பிடித்தேன். கல்லறைத் தோட்டத்துப் பாதை முழுக்கச் சேறு. "பெரியவரே, உடுங்க, நாங்க புடிச்சிக்கிறோம்" என்றார்கள். கேட்கவில்லை. வளையம் விரலை அறுத்தது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன், ஆனால் விடவில்லை. குழி வரைக்கும் நாலு விரலும் பிடித்தன. பெட்டியைத் தரையில் வைத்த பிறகும் அவை திறக்கவில்லை. உன் தம்பி குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.